மையத்து வீட்டில் பாட்டில்லை, மறுமைக்குப் பாட்டு இருந்தது



கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வாசித்து முடித்துவிட்டு எங்களைத் திட்டுவதானாலும் திட்டுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுத் திட்ட வேண்டாம், அவ்வளவுதான்.

சில நாட்களுக்கு முன் புளியந்தீவில் ஒரு செத்த வீட்டுக்குப் போயிருந்தோம். எங்களோடு படிப்பிக்கும் ஓர் ஆசிரியையின் தாயார் காலமாகிவிட்டார். முற்றத்தில் உரலும் உலக்கையும் வைத்து, சுண்ணம் இடித்துக்கொண்டு பாடினார்கள். மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணம். சைவர்களின் இறுதிக் கிரியையில் அதைப் பாடுவது வழக்கம் என்பது இந்தப் பக்கத்தில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றுதான் உட்கார்ந்து முழுதாகக் கேட்டோம். உலக்கை விழும் தாளமும் பாட்டும் ஒன்றாகப் போகிறது. அழுதுகொண்டிருந்தவர்களும் கொஞ்ச நேரத்தில் அந்தத் தாளத்துக்குள் வந்துவிட்டார்கள்.

அந்தப் பாட்டு சாவுக்காக எழுதப்பட்டதே இல்லை. இறைவனின் திருநீராட்டுக்கு வாசனைப் பொடி இடிக்கும் பெண்கள் பாடுவதாக, 9ஆம் நூற்றாண்டில், மகிழ்ச்சியாகப் பாடப்பட்ட பாட்டு. அதைத்தான் தமிழ்ச் சைவர்கள் தங்கள் கடைசிப் பயணத்துக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். 'போகிறவர் ஒரு விழாவுக்குப் போகிறார்' என்று சொல்லும் முறையாக அது எங்களுக்குப் பட்டது.

திண்ணையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "சேர், உங்கட மையத்து வீட்டில பாட்டு ஒண்டும் இல்லையோ?"

"இல்லை சேர். குர்ஆன் ஓதுவோம், துஆக் கேட்போம். ஒப்பாரி வைக்கிறது எங்கட மார்க்கத்தில கூடாது" என்று சொன்னோம்.

பதில் சரி. ஆனால் பாதிப் பதில். பாலத்தைக் கடந்து வீட்டுக்கு வரும் வழியில் எங்களில் ஒருவர் கேட்டார்: "அப்ப எங்கட மூத்தம்மா படிச்ச மிஃராஜ் மாலை என்ன?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

*

இளைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். 1572ஆம் ஆண்டு வண்ணப் பரிமளப் புலவர் என்பவர் மதுரையில் ஒரு நூலை அரங்கேற்றினார். பெயர் ஆயிர மசலா. நமக்கு முழுமையாகக் கிடைத்திருக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களில் மிகப் பழையது இதுதான். மதீனாவில் யூத அறிஞராக இருந்த அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேள்வி கேட்க, நபியவர்கள் பதில் சொல்வதாக அமைந்தது. படைப்பு, வானம், மௌத்து, கியாமத்து, சுவர்க்கம், நரகம் என்று கேள்விகள் போகின்றன.

பிறகு 1590இல் ஆலிப் புலவரின் மிஃராஜ் மாலை. நபி (ஸல்) அவர்களின் விண்ணேற்றப் பயணம். வானங்களைக் கடந்து போவதும், சுவர்க்கத்தையும் நரகத்தையும் காண்பதும் தமிழ்ப் பாட்டாக. இந்த நூலின் அரங்கேற்றத்துக்கு முஸ்லிம்களிடம் ஆதரவு கிடைக்காமல், கோட்டாற்றில் நெசவாளர்களின் தலைவராக இருந்த ஓர் இந்துப் பெரியவர் உதவி செய்து அரங்கேறியது என்று சொல்லப்பட்டு வருகிறது.

இரண்டு நூலையும் சேர்த்துப் பாருங்கள். தமிழில் முஸ்லிம்கள் இலக்கியம் செய்யத் தொடங்கியபோது முதலில் எடுத்த விஷயங்களில் ஒன்று மறுமை. அதைப் பாட்டாகத்தான் செய்தார்கள். மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்று தமிழில் அதுவரை இல்லாத வகைகளையும் கொண்டுவந்தார்கள். தனியே உட்கார்ந்து கண்ணால் வாசித்துவிட்டு மூடி வைக்க அவை எழுதப்படவில்லை. ஒருவர் இராகத்தோடு படிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்க எழுதப்பட்டவை. அச்சுப் புத்தகம் இல்லாத காலத்தில் ஒரு விஷயம் ஊர் முழுக்கப் போக வேண்டுமென்றால் அது வாயில் நிற்க வேண்டும். வாயில் நிற்க எதுகை வேண்டும், மோனை வேண்டும், இழுத்துப் படிக்க ஓர் இராகமும் வேண்டும்.

எங்கள் மூத்தம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. தமிழ் எழுத்துத் தெரியாது. அறபுத் தமிழ் வாசிப்பா. அறபு எழுத்தில் தமிழை எழுதும் அந்த முறையில் அச்சான ஒரு பழைய புத்தகம் வைத்திருந்தா. றஜப் மாதத்து 27ஆம் இரவில், குப்பி விளக்கு வெளிச்சத்தில், வீட்டுப் பெண்களைச் சுற்றி இருத்தி வைத்துப் படிப்பா. றபானும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் குரல். நரகத்தின் வாசல்கள் வரும்போது குரல் மெல்ல இறங்கும். சில இடங்களில் நிறுத்தி அழுவா. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குவா. நாங்கள் சின்னப் பிள்ளைகள் பயத்தில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இருப்போம். சுவர்க்கத்தின் ஆறுகள் வரும் இடத்தில் நித்திரையாகிவிடுவோம்.

1990இல் வீட்டை விட்டு ஓடியபோது புத்தகம் போய்விட்டது. பாட்டு அவவின் வாயில் இருந்தது.

*

இப்போது கொஞ்சம் தூரம் போய் வருவோம். ஆலிப் புலவருக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுக்கு முன், இத்தாலியில் தாந்தே என்ற கவிஞர் இருந்தார். 1321இல் இறந்தார். நரகம், பாவம் கழுவும் மலை, சுவர்க்கம் என்று மூன்று இடங்களுக்கும் ஒரு மனிதன் உயிரோடு போய் வருவதாக 100 பகுதிகளில் எழுதினார். அதைத்தான் உலகம் 'டிவைன் காமெடி' என்கிறது.

மிஃராஜ் பற்றிய ஓர் அறபுக் கதைநூலின் வழிவந்த ஸ்பானிய நூல் 1264இல் ஸ்பெயினில், மன்னர் பத்தாம் அல்போன்ஸோவின் அரசவையில், லத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் மொழிபெயர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு தாந்தே பிறந்தார். 1919இல் மிகுவேல் அஸின் பலாஸியோஸ் என்ற ஸ்பானியக் கத்தோலிக்கப் பாதிரியார், தாந்தேயின் மறுமைப் பயணத்துக்கு நமது மிஃராஜ் மரபிலிருந்து நிறையக் கிடைத்திருக்கிறது என்று ஒரு பெரிய நூல் எழுதினார். ஐரோப்பாவில் பெரிய சண்டை நடந்தது. அந்த விவாதம் இன்றும் முடியவில்லை.

தாந்தேயைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் நமது உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்களை நரகத்தில் வைத்து எழுதியவர். அதை எந்த இலக்கிய நியாயத்தாலும் நாங்கள் ஏற்க மாட்டோம். அதே புத்தகத்தில் ஸலாஹுத்தீன் ஐயூபியையும் இப்னு ஸீனாவையும் இப்னு றுஷ்தையும் தண்டனை இல்லாத மரியாதையான இடத்தில் வைத்தவரும் அவரே. மனிதர்கள் அப்படித்தான்.

அவரை இங்கே கொண்டுவந்ததற்கு வேறு காரணம் இருக்கிறது. அவருடைய நரகத்தில் இசை இல்லை. பெருமூச்சும் அலறலும் இருளில் மோதும் சத்தமும்தான். மலையை அடைந்த பிறகுதான் பாட்டு வருகிறது. ஆத்மாக்கள் ஓர் ஓடத்தில் வந்து இறங்கும்போது எல்லோரும் ஒரே குரலில் வேதப் பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறார்கள். பிரிந்து கிடப்பவர்களுக்குப் பாட்டில்லை, சேர்ந்து போகிறவர்களுக்குப் பாட்டு உண்டு என்பதுதான் கணக்கு.

அந்த ஓடத்தில் தாந்தேயின் பழைய கூட்டாளி ஒருவர் வருகிறார். பெயர் கஸெல்லா, பாடகர். "முன்னைப் போல ஒன்று பாடேன்" என்று தாந்தே கேட்கிறார். அவரும் தாந்தே எழுதிய பாட்டொன்றையே பாடுகிறார். எல்லோரும் போக வேண்டிய பயணத்தை மறந்து நின்று கேட்கிறார்கள். உடனே அந்த இடத்துக்குக் காவலான கிழவர் கேட்டோ வந்து அதட்டுகிறார். இங்கே நின்று என்ன செய்கிறீர்கள், மலைக்கு ஓடுங்கள் என்று. புறாக் கூட்டம் கலைந்த மாதிரி எல்லோரும் ஓடுகிறார்கள்.

இதை வாசித்தபோது நாங்கள் சிரித்துவிட்டோம். அந்தக் கிழவரை எங்களுக்குத் தெரியும். அவர் நம் ஊர்ப் பள்ளியில் இருக்கிறார். நம் மத்ரஸாவில் இருக்கிறார். "இனிமையான குரலில் மயங்கி இபாதத்தை மறந்துவிடாதீர்கள்" என்று சொல்கிறவர். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கவனியுங்கள், தாந்தேயும் அவரைக் கெட்டவராகக் காட்டவில்லை. ஆனால் அந்த அதட்டலுக்குப் பிறகு மலையில் பாட்டு நின்றுவிடவும் இல்லை. மேலே போகப் போக வேதப் பாட்டுகள் கூடிக்கொண்டே போகின்றன. நிறுத்தப்பட்டது பயணத்தை மறக்கச் செய்த பாட்டு. பயணத்துக்கு உதவும் பாட்டுக்கு அங்கே தடை இல்லை.

*

இதே கேள்வியை நம் இமாம்கள் தாந்தேக்கு முன்னமே கேட்டுவிட்டார்கள். ஹிஜ்ரி 505, கி.பி. 1111இல் வஃபாத்தான இமாம் கஸ்ஸாலியின் இஹ்யா உலூமுத்தீன் 40 பகுதிகள் கொண்டது. அதில் 18ஆவது பகுதி பாட்டுக் கேட்பதைப் பற்றியது. கடைசி, 40ஆவது பகுதி மௌத்தையும் அதற்குப் பின்னுள்ளதையும் பற்றியது. ஒரே நூலில் இரண்டும் இருக்கின்றன. பாட்டு உள்ளத்தில் இல்லாததைக் கொண்டுவந்து போடுவதில்லை, உள்ளே இருப்பதைக் கிளறிவிடுகிறது என்பது அவர் விளக்கத்தின் சாரம். ஆகவே எதைப் பாடுகிறார்கள், யார் கேட்கிறார், எந்த நிலையில் கேட்கிறார் என்று பார்த்துத்தான் அவர் தீர்ப்புச் சொல்கிறார். இதை ஏற்காத பெரிய இமாம்களும் உண்டு. கருத்து வேறுபாடு உள்ள விஷயம் என்பதை மறைக்க மாட்டோம்.

குர்ஆன் பாட்டல்ல, கவிதையும் அல்ல. 36ஆவது அத்தியாயம் யாஸீனிலேயே அது தெளிவாக இருக்கிறது. ஆனால் நல்ல குரலில் ஓதுவது சுன்னத்து. அபூ மூஸா அல்அஷ்அரி (ரழி) அவர்களின் குரலை நபியவர்கள் தாவூத் (அலை) அவர்களின் இசையோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தார்கள். ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரழி) அவர்களுக்குக் கவிதை சொல்லப் பள்ளியில் இடம் கொடுத்தார்கள். குரலுக்கும் கவிதைக்கும் நம் மார்க்கத்தில் இடமே இல்லை என்று சொல்வது சரியல்ல.

*

இனிச் சொல்லப்போவதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தோம்.

மூத்தம்மாவின் பாட்டை நிறுத்தியது மௌலவிமார் அல்ல. பள்ளி நிர்வாகம் அல்ல. நாங்கள்தான்.

எங்களுக்கு இருபது வயதிருக்கும். கெசட்டில் பயான் கேட்டு, நாலு வார்த்தை படித்துவிட்டு வந்த வேகம். ஒரு றஜப் மாதத்தில், அவ படிக்க உட்கார்ந்தபோது, "மூத்தம்மா, இது பித்அத்து. இதுக்கு ஆதாரம் இல்லை. இதை விட்டுப்போட்டு ரெண்டு றக்அத்துத் தொழுங்க" என்று சொன்னோம். அவ எங்களைப் பார்த்தா. தர்க்கம் செய்யவில்லை. "நீங்க ஓதின பிள்ளைகள். நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றா. எழும்பிப்போய் வுழூச் செய்தா. அதற்குப் பிறகு சத்தமாக ஒரு நாளும் படிக்கவில்லை. சில வேளை அடுப்படியில் முணுமுணுப்பது கேட்கும். யாராவது வந்தால் நிறுத்திவிடுவா.

அவ மௌத்தாகி வருடங்கள் ஆகின்றன. எங்கள் குடும்பத்தில் ஒரு பேத்தியின் கல்யாண வீடியோ மூன்று மணி நேரம் இருக்கிறது. அவவின் மாலை மூன்று நிமிடம்கூட இல்லை. நூலின் பாட்டுகள் அச்சுப் புத்தகத்தில் கிடைக்கும், சரிதான். ஆனால் அந்த இராகம்? எந்த இடத்தில் இழுப்பா, எந்த இடத்தில் குரல் இறங்கும், அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கல்லடி உப்போடையில் சுவாமி விபுலாநந்தரின் சமாதி இருக்கிறது. நம்மில் எத்தனையோ பேர் தினமும் அந்தப் பக்கம் போய் வருகிறோம். காரைதீவில் பிறந்த அந்தத் துறவி, உலகத்திலிருந்து மறைந்துபோன யாழ் என்ற கருவியைச் சிலப்பதிகாரத்தின் அடிகளை வைத்துக்கொண்டே தேடினார். பல ஆண்டு உழைத்து யாழ் நூலை எழுதி, அது அரங்கேறிய 1947ஆம் ஆண்டிலேயே மறைந்தார். ஒருவர் போன இசையை எழுத்திலிருந்து மீட்கத் தன் ஆயுளைச் செலவழித்த ஊர் இது. நாமோ எழுத்தை வைத்துக்கொண்டு, கண்ணெதிரே இருந்த இசையை வாயை மூடச் சொன்னோம்.

நம் இலங்கையின் பாணந்துறையைச் சேர்ந்த பேராசிரியர் ம.மு. உவைஸ் அவர்கள் இல்லாவிட்டால் இந்த நூல்களின் பெயர்கூட நம்மில் பலருக்குத் தெரிந்திராது. ஊர் ஊராக ஏடும் புத்தகமும் தேடி, இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றையே எழுதி வைத்துவிட்டுப் போனார். அவர் எழுத்தைக் காப்பாற்றினார். குரலைக் காப்பாற்றுவது ஊரவர்களின் வேலை.

*

இன்னொன்று. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு நேர்மையாக இருக்காது.

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. இதே ஊரில் சீயோன் தேவாலயத்தில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் செத்தார்கள். செய்தவர்கள் சுவர்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு செய்தார்கள். நம்மில் எல்லோரும் அதைக் கண்டித்தோம், வெட்கப்பட்டோம், பயந்தும் இருந்தோம்.

மாலை படிப்பது நின்றதால் குண்டு வெடித்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது முட்டாள்தனம். மாலையை விட்டவர்களில் ஆயிரம் நல்லவர்களை எங்களுக்குத் தெரியும், நாங்களும் அதில் அடக்கம். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் காதில் கேட்டவர்களாகச் சொல்கிறோம். முனாஜாத்துப் பாடுகிறவர் நரகத்தைப் பற்றிப் பாடும்போது அங்கே போகத் தகுந்த பாவி என்று தன்னையே சொல்கிறார். மூத்தம்மா அழுதது தனக்காக. அவவின் நரகத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளையம்மா ஒரு நாளும் இருந்ததில்லை. நாங்கள் இருபது வயதில் கேட்ட கெசட்டில் நரகம் எப்போதும் மற்றவனுக்கு. கத்திச் சொல்லும் குரலில் விரல் வெளியே நீளும். இழுத்துப் பாடும் குரலில் அது தன் நெஞ்சுக்குத் திரும்பும். மறுமையைப் பற்றி என்ன சொல்கிறோம் என்பதோடு எந்தக் குரலில் சொல்கிறோம் என்பதும் முக்கியம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எங்களுக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

*

சரி, என்ன செய்யலாம்?

ஒன்று: யாரையும் மாலை ஓதச் சொல்லிக் கேட்கவில்லை. அதை இபாதத்து என்றும் சொல்லவில்லை. அது நம் முன்னோர் செய்த இலக்கியம், இசையோடு கூடிய இலக்கியம். சீறாப்புராணத்தைப் பாடப் புத்தகத்தில் படிப்பிக்கிறோமே, அதேபோல.

இரண்டு: கவிஞரின் கற்பனையும் ஸஹீஹான ஹதீஸும் ஒன்றல்ல. மிஃராஜ் மாலையை வகுப்பில் எடுக்கும்போது எது குர்ஆனில் இருக்கிறது, எது ஹதீஸில் இருக்கிறது, எது புலவர் சேர்த்தது என்று பக்கத்தில் குறித்துக்கொண்டு படிப்பிக்கலாம். மௌலவிமாரும் தமிழ் ஆசிரியர்களும் ஒரே மேசையில் உட்கார இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா?

மூன்று: உங்கள் வீட்டில் உம்மம்மா, மூத்தம்மா, அப்பா யாராவது இருந்தால், மாலையோ முனாஜாத்தோ பக்கீர்பைத்தோ தாலாட்டோ கவியோ, தெரிந்ததைப் பாடச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். உலகத்துக்குப் போட வேண்டாம். பெண்களின் குரல் வெளியே போவதை விரும்பாதவர்கள் வீட்டுக்குள் வைத்திருங்கள், பெண் பிள்ளைகள் பதிவு செய்யட்டும். பெயரும் ஊரும் யாரிடம் கேட்டுப் பழகினார்கள் என்பதும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லப்பட்டிருக்கட்டும். எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடுத்த தவணை ஒப்படையாக இதைத்தான் கொடுக்கப்போகிறோம்.

நான்கு: அவர்கள் மறுத்தால், "இதெல்லாம் கூடாது என்று சொன்னாங்களே" என்று கூச்சப்பட்டால், அப்படிச் சொன்னது யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது நாமாகத்தான் இருக்கும். முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பிறகு போனை எடுங்கள்.

அந்தத் திண்ணையில் இருந்த சேரைப் போன கிழமை பஸ் நிலையத்தில் கண்டோம். "சேர், அண்டைக்கு நாங்கள் சொன்ன பதில் பிழை. எங்களிட்டயும் பாட்டு இருந்தது. மையத்து வீட்டுக்கு இல்லை, அதுக்குப் பிறகு போற இடத்தைப் பற்றி" என்று சொன்னோம். "பாடுங்கோவன் கேப்பம்" என்றார். எங்களுக்கு ஓர் அடிகூட முழுதாக வரவில்லை. இராகம் மட்டும் கொஞ்சம் நினைவிருந்தது. அதைச் சொல்லில்லாமல் மெல்ல இழுத்துக் காட்டினோம். அவர் பேசாமல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பஸ் வந்துவிட்டது.

வல்ல அல்லாஹ் எங்கள் மூத்தம்மாவின் கபுறை ஒளியாக்கி வைப்பானாக. இருபது வயதில் நாங்கள் பேசிய அந்தப் பேச்சை மன்னிப்பானாக. ஆமீன்.

உங்கள் வீட்டில் யார், என்ன படிப்பார்கள் என்று கீழே எழுதுங்கள். ஓர் அடி நினைவிருந்தாலும் போதும்.

வஸ்ஸலாம்.